குளத்தோடு வீடு வாங்கும்போது வேலியில் என்ன பார்க்க வேண்டும்? (சிட்னி)

கேட்டது சுருக்கமாக இதுதான்: சிட்னியில் பென்டில் ஹில் பக்கம் பின்வளவில் நீச்சல்குளம் உள்ள ஒரு வீட்டை வாங்கப் போகிறீர்கள். கான்ட்ராக்டோடு வந்திருப்பது "குளத்து வேலி விதிப்படி இல்லை" என்கிற சான்றிதழ். ஏஜென்ட், கேட்டை மட்டும் சரி செய்தால் போதும் என்கிறார். வீட்டில் இரண்டரை வயதுப் பையன் இருக்கிறான், ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் ஆறு மாதம் வந்து நிற்கப் போகிறார்கள். வாங்கலாமா, எவ்வளவு வேலை வரும், குளம் சரியாகும் வரை பையனுக்குக் காற்றடிக்கும் குளம் ஒன்று வாங்கி வைத்தால் அதற்கும் வேலி வேண்டுமா?

வாங்கலாம். அந்தச் சான்றிதழைப் பார்த்துப் பயந்து நல்ல வீட்டை விட வேண்டியதில்லை. ஆனால் ஏஜென்ட் சொன்னதை நம்பி விலையை முடிக்காதீர்கள். கேட்டின் கீலை மாற்றியதோடு வேலை முடிந்த வீடுகளும் உண்டு, கேட் என்று தொடங்கிக் கடைசியில் முழு வேலியையும் பிடுங்கிப் புதிதாகப் போட்ட வீடுகளும் உண்டு. மேற்கு சிட்னியில் குளத்து வேலி போடுவதுதான் 14 வருடமாக என் தொழில். தெரிந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் காகித விஷயம். நியூ சவுத் வேல்ஸில் 2016 ஏப்ரல் 29 முதல், குளம் உள்ள வீட்டை விற்பவர் குளம் பதிவு செய்யப்பட்டதற்கான சான்றும், வேலி சரியாக இருக்கிறது அல்லது சரியாக இல்லை என்கிற சான்றிதழ்களில் ஒன்றும் கான்ட்ராக்டோடு வைக்க வேண்டும். இது எதுவுமே வைக்காமல் விற்றால், இரு தரப்பும் கையெழுத்திட்டுக் கான்ட்ராக்டைப் பரிமாறிக்கொண்ட 14 நாளுக்குள் வாங்குபவர் அதை ரத்து செய்யலாம். உங்களுக்கு வைத்திருக்கிறார்கள், ஆகவே அந்த வழி இல்லை. வேலி சரியில்லை என்ற சான்றிதழோடு வாங்கினால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு அப்படியே உங்கள் தலைக்கு வருகிறது; செட்டில்மென்ட் நாளிலிருந்து, அதாவது மீதிப் பணம் கட்டி வீடு கைக்கு வரும் நாளிலிருந்து, 90 நாள் தருவார்கள். நிறையப் பேர் இந்த 90 நாளைப் பெரிய அவகாசம் என்று நினைக்கிறார்கள். வீடு மாறி, பெட்டி பிரித்து, பிள்ளைக்குச் சைல்ட்கேர் தேடி முடிப்பதற்குள் அதில் பாதி போய்விடும். வெயில் காலம் தொடங்கிவிட்டால் வேலி போடுகிற ஆட்களும் லேசில் கிடைக்க மாட்டார்கள்.

அதனால் இப்போதே, கையெழுத்துப் போடும் முன், அந்தச் சான்றிதழில் என்னென்ன குறை என்று எழுதியிருக்கிறது என்பதை வரிக்கு வரி படியுங்கள். காரணங்களை அதில் எழுதியிருப்பார்கள். அதை வைத்து வேலி போடும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள், அந்தத் தொகையை வீட்டு விலையில் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். இது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை, இங்கே சாதாரணமாக நடப்பதுதான்.

அப்புறம் குளம் எந்த வருடம் கட்டியது என்று கேளுங்கள். இதைத்தான் யாரும் கேட்பதில்லை, ஆனால் எல்லாமே இதில்தான் நிற்கிறது. 1990 ஆகஸ்ட் 1க்கு முன்பு கட்டிய குளமென்றால், வீட்டிலிருந்து குளத்துக்குப் போகும் கதவும் ஜன்னலும் குழந்தை திறக்க முடியாதபடி இருந்தாலே பழைய விதிப்படி போதும், வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே தனி வேலி கட்டாயமில்லை. அதன் பிறகு கட்டிய குளத்துக்கு நடுவிலும் வேலி வேண்டும். அதாவது வீட்டுப் பின்கதவைத் திறந்தால் நேரே குளம் என்று இருக்கக் கூடாது. 1990க்குப் பிந்திய குளங்களிலும் எந்த ஆஸ்திரேலிய தரவிதியை வைத்து அளப்பார்கள் என்பது மாறும்: 2008 ஆகஸ்ட் வரை கட்டியவற்றுக்கு 1986ஆம் ஆண்டு விதி, அதன் பிறகு 2013 ஏப்ரல் வரை கட்டியவற்றுக்கு 2007ஆம் ஆண்டு விதி, 2013 மே 1க்குப் பிறகு கட்டியவற்றுக்கு 2012ஆம் ஆண்டு விதி. பழைய குளமானாலும், குளத்தையோ வேலியையோ பெரிய அளவில் மாற்றிக் கட்டினால் பழைய சலுகை போய்விடும், புது விதிதான். முந்தைய உரிமையாளர் பழைய இரும்பு வேலியை எடுத்துவிட்டு அழகுக்குக் கண்ணாடி வேலி போட்டிருந்தால் அங்கேயே கணக்கு மாறியிருக்கும்.

பழைய குளமாக இருந்து, நடுவேலி இல்லாமலே சட்டப்படி தப்பலாம் என்று வந்தாலும், இரண்டரை வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் தயவுசெய்து அந்தச் சலுகையை எடுக்காதீர்கள். மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் வீடு என்று இருந்தால் குழந்தையைக் காப்பது அந்த ஒரு கதவு மட்டும்தான். பார்சல் வாங்கவும் உடுப்புக் காயப்போடவும் குப்பை போடவும் ஒரு நாளில் எத்தனை தடவை அதைத் திறக்கிறோம்! குளத்து வேலி பற்றி உலகில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 1998இல் வந்த காக்ரேன் மீளாய்வு, நாலு பக்கமும் தனியாக வேலி போட்ட குளத்தில் குழந்தை மூழ்கும் ஆபத்து, வீட்டை ஒரு பக்கமாக வைத்து வேலி போட்ட குளத்தோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு அளவுதான் என்று கண்டது. எனக்கு இதைவிட வேறு காரணம் தேவைப்பட்டதில்லை.

சரி, இனி வேலிக்கு வருவோம். 2012 விதியை வைத்துச் சொல்கிறேன், எப்படியும் அதை மனதில் வைத்துத்தான் நீங்கள் வேலை செய்விக்க வேண்டும். வெளிப்பக்கத் தரையிலிருந்து வேலி குறைந்தது 120 செ.மீ. உயரம் வேண்டும். அடியில் தரைக்கும் வேலிக்கும் நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. நிற்கும் கம்பிகளுக்கு நடுவிலும் அதே 10 செ.மீ. குறுக்குக் கம்பிகள் இருந்தால் மேலதுக்கும் கீழதுக்கும் இடையே குறைந்தது 90 செ.மீ. வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைக்கு அதுவே ஏணி. இவ்வளவையும் எந்த வேலிக்காரரும் சரியாகப் போட்டுவிடுவார். புதிதாகப் போட்ட அன்று இதில் பிழை வருவது குறைவு.

பிழை வருவது பிறகு, வேலியைச் சுற்றி நாம் வாழத் தொடங்கியதும். என் அனுபவத்தில் வேலியாலேயே தவறுகிற வீடு குறைவு. வேலிக்குப் பக்கத்தில் இருக்கிற பொருளால் தவறுகிற வீடுதான் அதிகம். வேலியின் உச்சியிலிருந்து வெளிப்பக்கமாக, கால்வட்டம் வரைந்தது போல 90 செ.மீ. தூரத்துக்கு, ஏறுவதற்கு உதவும் எதுவும் இருக்கக் கூடாது. இதை ஏறாப் பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி, பார்பிக்யூ அடுப்பு, ஏசி பெட்டி, குழாய், மரக்கிளை, செங்கல் அடுக்கு, பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாமே கணக்கில் வரும். வேலியின் மேலேயே 1 செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டைகூடக் கால் வைக்கும் இடம்தான். கம்பி வேலியென்றால் உள்பக்கமும் 30 செ.மீ. காலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் கம்பிக்கு நடுவே காலை விட்டு உள்ளே இருக்கும் பொருளில் மிதித்து ஏறலாம்.

நம் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கறிவேப்பிலைச் சாடி. குளத்துப் பக்கம் நல்ல வெயில் விழும், கண்ணாடி வேலியென்றால் காற்றையும் மறிக்கும், குளிர்காலத்தில் அந்தச் செடியைக் காப்பாற்ற அதைவிட நல்ல இடம் வளவில் கிடையாது. ஆகவே வேலியோரம் வரிசையாக நாலு பெரிய சாடி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். அதன் விளிம்பில் ஏறி நிற்கும் பிள்ளைக்கு 120 செ.மீ. வேலி 75 செ.மீ. வேலியாகிவிடுகிறது. முருங்கையும் அப்படித்தான், நடும்போது தள்ளித்தான் இருக்கும், இரண்டு வருடத்தில் கிளை வேலிக்கு மேலே வந்துவிடும். நான் ஒரு கம்பை 90 செ.மீ.க்கு அறுத்து, மஞ்சள் பெயின்ட் அடித்து வேனில் வைத்திருக்கிறேன். ஒரு முனையை வேலியின் உச்சியில் வைத்து மறுமுனையை மேலிருந்து கீழே சுழற்றிக்கொண்டே வேலி நீளத்துக்கு நடந்தால், கம்பு எதில் தட்டுகிறதோ அதை நகர்த்த வேண்டும். வீட்டைப் பார்க்கப் போகும்போது நீங்களும் அப்படி ஒரு கம்பு கொண்டு போங்கள். வேலி முழுவதையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

தரையும் மாறும், அதையும் பாருங்கள். பூப்பாத்திக்கு மரச்செதில் கொட்டிக் கொட்டி வேலியோரம் நிலம் உயர்ந்துவிடும், 120 என்று போட்டது 110 ஆகிவிடும். இன்னொரு பக்கம் மழைத் தண்ணீர் ஓடி மண்ணை அரித்து, அடியில் 15 செ.மீ. பள்ளம் விழுந்திருக்கும். மேற்கு சிட்னி முழுக்கக் களிமண். மழைக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும், வேலித் தூண்கள் அதோடு ஆடும். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கேட்டின் பூட்டு 4 மி.மீ. விலகினால் போதும், அது பூட்டாது.

கேட்தான் வேலியின் உயிர். இதில் மட்டும் ஒன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். குளத்துக்கு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், உள்ளே தள்ளித் திறப்பதாக இருக்கக் கூடாது. சரியாகப் பூட்டாத கேட்டில் குழந்தை சாய்ந்தால் அது மூட வேண்டுமே தவிரத் திறக்கக் கூடாது. எந்த நிலையில் விட்டாலும் தானாக மூட வேண்டும், தானாகப் பூட்ட வேண்டும். எந்த நிலையிலும் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கத் திறந்து விட்டால் எல்லா கேட்டும் படாரென்று மூடும், அதைக் காட்டித்தான் ஏஜென்ட் உங்களைத் திருப்திப்படுத்துவார். நீங்கள் பாதி திறந்து விட்டுப் பாருங்கள். பிறகு விரல் நுழையும் அளவு மட்டும் திறந்து, தள்ளாமல் கையை எடுங்கள். கடைசியாகக் கேட் பூட்டின் நாக்கின் மேலேயே சாய்ந்து நிற்கும்படி மெதுவாக விட்டுப் பாருங்கள். பழைய கேட்டுகளில் பாதி இந்தக் கடைசி இரண்டில்தான் தோற்கும். ஸ்பிரிங் கீலை முறுக்கினாலே சரியாகிவிடும் என்றால் நல்ல செய்தி, ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலை. தூண் சாய்ந்திருந்தால் தோண்டித் திரும்பக் கான்கிரீட் போட வேண்டும்.

கேட்டைத் திறக்கும் கைப்பிடி தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் பல கேட்டுகளில் பக்கத்தில் ஒரு தூண் மட்டும் உயர்ந்து, மேலே இழுக்கும் குமிழ் இருக்கும். அதற்குக் கீழே பூட்டு இருப்பதென்றால் குளத்துப் பக்கமாக, மேலே கைவிட்டு எட்டித் திறப்பதாக இருக்க வேண்டும், பூட்டைச் சுற்றி 45 செ.மீ.க்குச் சிறு விரல்கூட நுழையாதபடி மறைப்பும் வேண்டும்.

எல்லை வேலியையும் குளத்து வேலியாகக் கணக்கு வைத்திருந்தால், அது குளத்துப் பக்கமிருந்து அளந்து 180 செ.மீ. இருக்க வேண்டும், உள்பக்கம் மேலிருந்து 90 செ.மீ.க்குப் பிடித்து இறங்க எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் தன் பக்கத்தில் எதைச் சாய்த்து வைப்பார் என்பது நம் கையில் இல்லை, அதனால்தான் அந்த உயரம். மரவேலியின் குறுக்குச் சட்டங்கள் உங்கள் பக்கம் இருந்தால் அதன் மேல் சாய்வுக் கட்டை அடிப்பார்கள், பெரிய செலவில்லை. வீட்டுச் சுவர் குளத்து வேலியின் ஒரு பாகமாக வந்தால் அதில் கதவு இருக்கக் கூடாது, ஜன்னல் 10 செ.மீ.க்கு மேல் திறக்காதபடி நிறுத்த வேண்டும் அல்லது அசையாத வலை போட வேண்டும்.

குளத்துப் பக்கத்தில் முதலுதவிப் பலகையும் கட்டாயம். மூச்சு நின்றவருக்கு என்ன செய்ய வேண்டும் என்ற படங்களோடு, 3 மீட்டர் தள்ளி நின்று வாசிக்கும்படி இருக்க வேண்டும். வெயிலில் எழுத்து வெளிறிப் போனதற்கே சான்றிதழ் மறுப்பார்கள், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். மாட்டுவதோடு நிற்காமல் வீட்டில் எல்லோரும், உங்கள் அம்மா அப்பா உட்பட, நெஞ்சில் 30 அழுத்தம், வாயில் 2 மூச்சு என்பதை ஒரு வகுப்பில் போய்ப் பழகிக்கொள்ளுங்கள். 000 என்ற அவசர உதவி எண்ணை அவர்கள் போனில் அழுத்தத் தெரிய வேண்டும், வீட்டு விலாசத்தை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிய வேண்டும்.

அம்மா அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில வருடத்துக்கு முன் ஒரு வீட்டுக்கு வேலி விலை சொல்லப் போயிருந்தேன், நம்மவர்கள்தான். கேட்டின் அடியில் ஒரு செங்கல் வைத்துத் திறந்தபடி நிறுத்தியிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த தாத்தா, செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒவ்வொரு தடவையும் எட்டிக் குமிழை இழுக்கக் கை வலிக்கிறது என்று வைத்தாராம். நாங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று வயதுப் பேத்தி குளத்தின் முதல் படியில், கணுக்கால் தண்ணீரில் நின்று ஒரு இலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. ஓடிப்போய்த் தூக்கினோம், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியவர் அந்தச் செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு நின்ற முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர்மேல் பிழை சொல்ல மாட்டேன், அந்தக் கேட் எதற்கு அப்படி இருக்கிறது என்று யாரும் அவருக்கு உட்காரவைத்துச் சொன்னதில்லை. ஊரில் கிணற்றுக்கு அருகே பிள்ளையை விடாமல் காத்து வளர்த்தவர்கள்தான் அவர்கள், விஷயத்தைச் சொன்னால் நம்மைவிடக் கவனமாக இருப்பார்கள். வந்திறங்கிய முதல் நாளே குளத்தடிக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். கேட்டைத் திறந்து வைப்பது சட்டப்படியும் குற்றம்தான். தண்ணீர் ஊற்றுவதற்கு வேலிக்கு வெளியே தனிக் குழாய் வைத்துக்கொடுத்தால் அந்த வேலையே வராது.

குழந்தை மூழ்கும்போது கத்தும், தண்ணீரை அடிக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் போய்விடுவார்கள். பிறந்தநாள், பொங்கல் என்று முப்பது பேர் கூடுகிற அன்று இன்னும் ஆபத்து, எல்லோரும் இருப்பதால் யாரோ பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். அன்றைக்கு இன்னார்தான் குளத்தைப் பார்ப்பது, அவர் கையில் போன் இருக்கக் கூடாது, அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று பேர் சொல்லி வைத்துவிடுங்கள்.

காற்றடிக்கும் குளம்: ஆம், அதற்கும் வேலி வேண்டும், அது 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் கொள்ளக்கூடியதாக இருந்தால். எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்பதைப் பார்ப்பதில்லை, எவ்வளவு கொள்ளும் என்பதுதான். பெட்டியில் 76 செ.மீ. என்று போட்டிருக்கும் குளத்தில் ஒரு சாண் தண்ணீர் விட்டாலும் சட்டத்துக்கு அது குளம்தான், பதிவும் வேண்டும், மேலே சொன்ன அத்தனை அளவும் பொருந்தும். 30க்குக் குறைவான சின்னத் தொட்டி வாங்குங்கள், பையன் வெளியே வந்த அடுத்த நிமிடம் கவிழ்த்துவிடுங்கள். கவிழ்த்ததும் அதை வேலியோரம் சாய்த்து வைக்காதீர்கள், அதுவே ஏணியாகிவிடும். ஸ்பா இருந்தால் அதற்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: குழந்தை திறக்க முடியாத, பூட்டக்கூடிய மூடி போட்டு, பாவிக்காதபோது பூட்டி வைத்தால் வேலி இல்லாமலும் இருக்கலாம்.

அபராதம் பற்றி: பதிவு செய்யாவிட்டால் 220 டாலர், வேலி சரியில்லாவிட்டால் 550 டாலர் நோட்டீஸ், கோர்ட்டுக்குப் போனால் 5,500 வரை. பதிவு 2013 அக்டோபர் 29 முதல் கட்டாயம், இணையத்தில் நீங்களே இலவசமாகச் செய்யலாம். உங்கள் வீட்டுக் குளம் பதிவில் இருக்கிறதா என்று விலாசத்தைப் போட்டு இன்றைக்கே பார்க்கலாம். வேலை முடிந்து வாங்கும் சான்றிதழ் 3 வருடத்துக்குச் செல்லும், பின்னாளில் வாடகைக்கு விட நினைத்தாலும் அது வேண்டும். இந்த எண்களெல்லாம் நியூ சவுத் வேல்ஸுக்கு மட்டும்தான். பிரிஸ்பேனில் வீட்டுக் குளத்துச் சான்றிதழ் 2 வருடம், மெல்பர்னில் 4 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அங்கே இருக்கும் உறவினர் சொல்வதை இங்கே வைத்துப் பார்க்காதீர்கள்.

செட்டில்மென்ட் முடிந்து வேலி சரியாகும் வரையுள்ள இடைவெளிக்கு, வாடகைக்குக் கிடைக்கும் தற்காலிக வேலியை வளவின் குறுக்கே போட்டுவிட்டு வீட்டுக்குள் போங்கள். அந்தக் கம்பித் தட்டிகளை முதல் நாளே இறக்கச் சொல்லுங்கள், பெட்டிகள் வருவதற்கு முன்னால். பின்கதவில் மேலே ஒரு தாழ்ப்பாளும் போடுங்கள்.

குளம் கட்டிய வருடமும், கேட்டின் நாலு சோதனையில் எது தோற்றது என்பதும், சான்றிதழில் எழுதியிருக்கும் காரணங்களும் தெரிந்ததும் எழுதுங்கள். கீலா, தூணா, முழு வேலியா என்பதை அதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.